எந்த ஸ்டென்ட் என்பது இரண்டாவது கேள்வி

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு வயது 64. ஐந்து வாரத்துக்கு முன் கண்கள் மஞ்சளாயின. வலியில்லை, காய்ச்சலில்லை. சிறுநீர் கறுத்தது, மலம் வெளுத்தது, இரவெல்லாம் அரிப்பு. சாதாரணக் காமாலை என்று நினைத்து மூன்று வாரம் கீழாநெல்லியும் உப்பில்லாப் பத்தியமும் கொடுத்திருக்கிறார்கள். மஞ்சள் குறையவில்லை, எடை மட்டும் ஏழு கிலோ இறங்கிவிட்டது. பிறகு பார்த்த ரத்தப் பரிசோதனையில், காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிருபின் 18.4, ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.9, கணையப் புற்றுநோயில் ஏறக்கூடிய சி.ஏ. 19-9 அளவு 840. சி.டி. ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் 3 சென்டிமீட்டர் கட்டி. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரையை அது ஒரு பக்கமாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கல்லீரலிலும் நுரையீரலிலும் எதுவும் தென்படவில்லை. அப்பா நான்கு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிட்டு வருகிறார்.

முதல் மருத்துவமனை, அடைபட்ட பித்தநாளத்தைத் திறந்து வைக்கும் சிறு குழாயான ஸ்டென்டை, எண்டோஸ்கோபி வழியாக, உலோகத்தில் வைக்கலாம் என்றது. இரண்டாவது, இப்போதைக்குப் பிளாஸ்டிக் போதும் என்றது. மூன்றாவது, விலா எலும்புகளுக்கு இடையே ஊசி போட்டு வெளியே பை மாட்டலாம் என்றது. சித்தப்பாவோ, "இதெல்லாம் எதற்கு, நேராக ஆபரேஷன் செய்துவிட வேண்டியதுதானே" என்கிறார். குழாய் விட்டுக் குடைந்தால் கட்டி பரவிவிடும் என்றும் யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். கட்டி என்பதே அப்பாவுக்குத் தெரியாது. காமாலைக்குச் சிகிச்சை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்கள். "நாங்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள வாசகிக்கு,

மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதால் அவர்களில் யாரோ தவறாகச் சொல்கிறார் என்று கலங்கியிருக்கிறீர்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் உங்கள் அப்பாவுக்கு அடுத்தது என்ன என்று மனத்துக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள், அதை உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சில வாரங்களில் அறுவை சிகிச்சை என்று நினைப்பவர் ஒன்றைச் சொல்வார். முதலில் சில மாதம் கீமோ என்று நினைப்பவர் வேறொன்றைச் சொல்வார். ஆகவே நீங்கள் முதலில் கேட்க வேண்டியது "பிளாஸ்டிக்கா, உலோகமா" என்பதல்ல. "அடுத்த ஆறு மாதத்துக்கு இவருக்கான திட்டம் என்ன?" என்று கேளுங்கள். அதை முடிவு செய்ய ஜீரணமண்டல மருத்துவர், அறுவை நிபுணர், புற்றுநோய் மருத்துவர் மூவரும் ஒரே சி.டி. படத்தைப் பார்த்திருக்க வேண்டும். இந்தச் சந்திப்புக்காக இரண்டு மூன்று நாள் பொறுக்கலாம், காய்ச்சல் இல்லாதவரை. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்துவிட்டால் கதை வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கீழாநெல்லியால் ஏன் இறங்கவில்லை

கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல், ஒரு லிட்டர் வரைகூட, பித்தம் சுரக்கிறது. அது பித்தநாளம் வழியாக இறங்கிச் சிறுகுடலின் முதல் பகுதியில் கலக்க வேண்டும். அந்த நாளம் குடலைச் சேருமுன் கணையத்தின் தலைக்குள் புகுந்து வருகிறது. அங்கே கட்டி வளர்ந்தால் நாளம் நசுங்கிப்போகிறது. மேலே தேங்கிய பித்தம் ரத்தத்தில் திரும்பக் கலப்பதால்தான் மஞ்சளும் அரிப்பும். குடலுக்குப் பித்தம் போகாததால்தான் மலம் வெளுக்கிறது.

கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். நாட்டு மருந்துக்குக் கிடைத்த நல்ல பெயரில் பெரும்பங்கு அதனால் வந்தது. அடைபட்ட நாளத்தை வாய்வழி உட்கொள்ளும் எந்த மருந்தாலும் திறக்க முடியாது, ஆங்கில மருந்தானாலும் சரி. மூன்று வாரம் போய்விட்டதே என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். ஆனால் என்னென்ன கொடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில பொடிகளும் லேகியங்களும் கல்லீரலைத் தனியாகக் கெடுக்கக் கூடியவை.

பத்தியத்தை இன்றே நிறுத்துங்கள். எடை இறங்கும் நோயாளிக்கு வெறும் கஞ்சி கொடுப்பது அவருடைய தசையைத்தான் தின்கிறது. முட்டை, மீன், தயிர், பருப்பு எல்லாம் கொடுக்கலாம். பித்தம் இறங்கும்வரை எண்ணெயில் பொரித்தது செரிக்காது என்பதால் அதை மட்டும் குறையுங்கள்.

சி.ஏ. 19-9 அளவு 840 என்பதைப் பார்த்து முற்றிய நிலை என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். பித்தம் அடைபட்டாலே அந்த அளவு பல மடங்கு ஏறும், புற்றுநோயே இல்லாதபோதும்கூட. பிலிருபின் இறங்கிய பிறகு திரும்பப் பார்க்கும் அளவுதான் பேசும்.

நேராக ஆபரேஷன் செய்யலாமா

சித்தப்பாவின் கேள்வியை யாரும் அலட்சியப்படுத்த வேண்டாம், அதில் நியாயம் இருக்கிறது. கட்டியை முழுதாக எடுக்க முடியும், ஒரு வாரத்துக்குள் அறுவை மேசையில் இடம் இருக்கிறது, பிலிருபின் மிக உயரவில்லை என்றால், பித்தத்தை வடிக்காமலே, கணையத் தலையைக் கட்டியோடு எடுக்கும் விப்பிள் அறுவைக்குப் போவதே நல்லது. 2010-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு இதைத்தான் காட்டியது: நேராக அறுவைக்குப் போனவர்களில் 39 சதவீதத்தினருக்கும், முதலில் வடித்துவிட்டுப் பிறகு போனவர்களில் 74 சதவீதத்தினருக்கும் கடுமையான சிக்கல்கள் வந்தன. வடித்தவர்களுக்கு வந்த சிக்கலில் பெரும்பகுதி ஸ்டென்ட் அடைப்பும் அதனால் வந்த கிருமித்தொற்றும். அன்று வைத்தவை பிளாஸ்டிக் ஸ்டென்ட்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களின் பிலிருபின் 14.6-ஐத் தாண்டவில்லை. உங்கள் அப்பாவுக்கு 18.4. அதோடு கட்டி சிரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இப்படி எல்லைக்கோட்டில் நிற்கும் கட்டிகளுக்குப் பல மையங்களில் முதலில் சில மாதம் கீமோ கொடுத்துவிட்டுப் பிறகுதான் அறுவைக்கு எடுக்கிறார்கள். கீமோவில் பயன்படும் இரினோடெகான் போன்ற மருந்துகள் கல்லீரல் வழியாக வெளியேறுபவை. பிலிருபின் ஏறக்குறைய இயல்புக்கு வராமல் கொடுத்தால் நஞ்சாகிவிடும். ஆகவே இவருக்கு வடிகால் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை யார், எப்படி, எதைக்கொண்டு செய்வது என்பதுதான் மிச்சம்.

பிளாஸ்டிக்கும் உலோகமும்

இதய ஸ்டென்ட் நான்கு வருடமாக வேலை செய்கிறதே, இதுவும் அப்படித்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் ஒன்று, வேலை வேறு. ரத்தக்குழாயில் கிருமி இல்லாத ரத்தம் வேகமாக ஓடுகிறது. பித்தநாளத்தில் கெட்டியான பித்தம் மெதுவாக இறங்குகிறது. ஸ்டென்டின் கீழ்முனை குடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் குடல் கிருமிகள் ஏறி உள்சுவரில் படலம் கட்டும். அதன்மேல் சேறு படியும். எந்தப் பித்த ஸ்டென்டும் ஒருநாள் அடைபடக் கூடியதுதான். எப்போது என்பதில்தான் வித்தியாசம்.

பிளாஸ்டிக் ஸ்டென்டின் வழக்கமான வெளிவிட்டம் 10 பிரெஞ்சு, அதாவது 3.3 மில்லிமீட்டர். எண்டோஸ்கோப்பின் துளைக்குள் நுழைய வேண்டும் என்பதால் இதைவிடப் பெரிதாகச் செய்வது கடினம். சுமார் மூன்று மாதத்தில் அடைபடும். ஆகவே அடைபடும் முன்பே மாற்றத் தேதி குறிப்பார்கள். உலோக ஸ்டென்ட், நிட்டினால் என்ற உலோகக் கலவையின் கம்பி வலை. மெல்லிய உறைக்குள் சுருட்டி உள்ளே கொண்டுபோய் விடுவிப்பார்கள். இரண்டு மூன்று நாளில் முழுதாக விரிந்து 10 மில்லிமீட்டர் ஆகும். 1992-ல் லான்செட் இதழில் வந்த ஒப்பீட்டில் பிளாஸ்டிக் திறந்திருந்த கால அளவின் நடுமதிப்பு 126 நாள், உலோகத்துக்கு 273 நாள். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்ந்தன. ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கம் 2018-ல் கொடுத்த வழிகாட்டுதலும் பித்தநாளத்தின் கீழ்ப்பகுதிப் புற்றுநோய் அடைப்புக்கு 10 மில்லிமீட்டர் உலோக ஸ்டென்டையே பரிந்துரைக்கிறது.

உலோகம் வைத்துவிட்டால் பிறகு அறுவை செய்ய முடியாது என்று உங்களுக்குச் சொல்லப்பட்டது பழைய எண்ணம். விப்பிள் அறுவையில் பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியே கட்டியோடு வெளியே வந்துவிடும், ஸ்டென்டும் அதோடு வரும். ஒரே நிபந்தனை, நீளம். 4 அல்லது 6 சென்டிமீட்டர் ஸ்டென்டாகத் தேர்ந்து, கல்லீரலுக்குக் கீழே நாளங்கள் இரண்டும் சேரும் இடத்திலிருந்து ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டராவது விட்டு வைக்க வேண்டும். அறுவை நிபுணர் வெட்டித் தைக்க அங்கே நல்ல நாளம் வேண்டும். "குட்டையான ஸ்டென்ட்தானே வைக்கிறீர்கள்?" என்று நீங்கள் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

உலோகத்திலும் இரண்டு வகை. வெற்று வலை திசுவில் பதிந்து இடம் மாறாமல் நிற்கும், ஆனால் கண்ணிகள் வழியாகக் கட்டி உள்ளே வளரும், பிறகு எடுக்க முடியாது. உறை போட்ட வலைக்குள் கட்டி வளராது, தேவைப்பட்டால் எடுக்கலாம். ஆனால் வழுக்கி இடம் மாறும் வாய்ப்பு கூடுதல், பித்தப்பையின் வாயை மூடினால் அங்கே அழற்சி வரலாம் என்ற கவலையும் உண்டு. ஸ்டென்ட் திறந்திருக்கும் மொத்தக் காலத்தில் இரண்டுக்கும் நிலையான பெரிய வித்தியாசத்தை ஆய்வுகள் காட்டவில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள்: திசுப் பரிசோதனையில் புற்றுநோய் என்று உறுதியாகும் முன் வெற்று வலை வைக்கக் கூடாது. உங்கள் அப்பாவுக்கு அந்த உறுதி இன்னும் வரவில்லை.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் ஸ்டென்ட் சில ஆயிரம் ரூபாய், உலோகம் பல பத்தாயிரங்கள். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மயக்க மருந்து, எண்டோஸ்கோபி, படுக்கை, நடுவில் அடைத்துக் காய்ச்சல் வந்தால் அந்தச் செலவு, தள்ளிப்போகும் கீமோ எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். கீமோ தொடங்கப்போகும் ஒருவருக்குப் பிளாஸ்டிக் மலிவு என்று சொல்ல எனக்கு மனம் வராது. வாழ்நாள் சில வாரங்களே என்ற நிலையில் இருப்பவருக்கு, அல்லது நோய் என்னவென்றே தெளிவாகாதபோது தற்காலிகமாக, பிளாஸ்டிக் நியாயமான தேர்வு. இரண்டாவது மருத்துவர் அந்தக் காரணத்தால்தான் சொல்லியிருக்கக் கூடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருந்தால், செய்முறையோடு உலோக ஸ்டென்டின் விலையும் அதில் அடங்குமா என்று காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

குடைந்தால் பரவுமா

இந்தப் பயத்தால் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியே வேண்டாம் என்று சொல்லும் குடும்பங்கள் நிறைய. கணையத் தலைக் கட்டிக்கு எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட் (நுனியில் ஸ்கேன் கருவி உள்ள எண்டோஸ்கோப்) வழியாக, முன்சிறுகுடலின் சுவரைத் தாண்டி மெல்லிய ஊசியில் திசு எடுக்கிறார்கள். ஊசி போன வழியில் கட்டி பரவுவது மிக அரிது. தலைப்பகுதிக் கட்டியில் அந்த வழியே பின்னால் அறுவையில் வெளியே வந்துவிடுகிறது. தோல் வழியாகக் கல்லீரலுக்குள் குழாய் போடும்போது, குறிப்பாகப் பித்தநாளப் புற்றுநோயில், அந்தத் தடத்தில் பரவும் ஆபத்து இதைவிடக் கூடுதல்.

திசு பார்க்காமல் கீமோ தொடங்க மாட்டார்கள், தொடங்கவும் கூடாது. ஒரு காரணம், ஐ.ஜி.ஜி.4 என்ற எதிர்ப்பொருளோடு தொடர்புள்ள கணைய அழற்சி. ஸ்கேனில் அது புற்றுநோய் போலவே தெரியும், வலியில்லாக் காமாலையோடு வரும், ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையில் கரையும். உங்கள் அப்பாவுக்கு அது இருக்கும் என்று நம்பிக்கை ஊட்டவில்லை. புற்றுநோய்க்குத்தான் வாய்ப்பு அதிகம். இருந்தாலும் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக் கூடியதை விட்டுவிடக் கூடாது. பித்தநாளத்துக்குள் பிரஷ் தேய்த்து எடுக்கும் பரிசோதனையை மட்டும் நம்ப வேண்டாம். புற்றுநோய் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது "இல்லை" என்று வரும்.

ஆகவே நான் சொல்லும் வரிசை இது. கணையத்துக்கான சி.டி. ஸ்டென்டுக்கு முன்பே முழுமையாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஸ்டென்டின் நிழலும், செய்முறைக்குப் பின் வரக்கூடிய வீக்கமும் படத்தைக் குழப்பிவிடும். பிறகு ஒரே மயக்கத்தில் முதலில் அல்ட்ராசவுண்ட் ஊசி, அடுத்து இ.ஆர்.சி.பி. (எண்டோஸ்கோப் வழியாகப் பித்தநாளத்துக்குள் நுழையும் செய்முறை), அதில் உறை போட்ட குட்டை உலோக ஸ்டென்ட். இரண்டும் ஒரே நாளில் செய்யும் வசதி இருக்கும் இடமாகப் பாருங்கள்.

அன்று என்ன நடக்கும், எது தவறலாம்

இ.ஆர்.சி.பி. என்பது வயிற்றைக் கிழிக்கும் ஆபரேஷன் அல்ல. ஆறு மணி நேரம் வெறும் வயிறு. குப்புறப் படுக்கவைத்து மயக்க மருந்து கொடுத்து, பக்கவாட்டில் பார்க்கும் எண்டோஸ்கோப்பை முன்சிறுகுடல்வரை கொண்டுபோவார்கள். பித்தநாளம் குடலில் திறக்கும் சிறிய முகட்டைக் கண்டுபிடித்து, அதன் வழியாக மெல்லிய வழிகாட்டிக் கம்பியை மேலே ஏற்றி அடைப்பைத் தாண்டச் செய்வார்கள். எக்ஸ்ரேயில் சாயம் செலுத்தி அடைப்பின் நீளத்தை அளந்து, கம்பியின்மேல் ஸ்டென்டை ஏற்றி விடுவிப்பார்கள். அடைப்பைத் தாண்டியதும் தேங்கியிருந்த பித்தம் குடலுக்குள் கொட்டுவது திரையிலேயே தெரியும். பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்.

கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கிய ஆபத்து கணைய அழற்சி, 100 பேரில் 3 முதல் 10 பேர்வரை. பெரும்பாலும் சில நாளில் அடங்கும், சிலருக்குத் தீவிரமாகும். இதைக் குறைக்க ஆசனவாயில் 100 மில்லிகிராம் டைக்ளோஃபெனாக் அல்லது இண்டோமெத்தசின் மாத்திரை வைப்பது இன்று வழக்கம். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைப்பார்கள். ரத்தக்கசிவு 100-க்கு ஒன்றிரண்டு, குடலில் ஓட்டை விழுவது ஒன்றுக்கும் குறைவு. அன்று இரவு மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஓடும் கடும் வலி, விடாத வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம் வந்தால் "மயக்க மருந்தின் விளைவு" என்று காத்திருக்காதீர்கள். மயக்கம் தெளிந்து வயிறு அமைதியாக இருந்தால் பெரும்பாலும் அன்று மாலையோ மறுநாள் காலையோ சாப்பிட விடுவார்கள்.

ஐ.என்.ஆர். 1.9 என்பது ரத்தம் உறையத் தாமதமாகிறது என்று அர்த்தம். பித்தம் இல்லாமல் குடல் வைட்டமின் கே-யை உறிஞ்சாது; அதனால் வந்த குறை. வைட்டமின் கே ஊசி போட்டால் ஓரிரு நாளில் இறங்க வேண்டும், 1.5-க்குக் கீழே வந்த பிறகுதான் ஊசியோ கீறலோ. இறங்கவில்லை என்றால் கல்லீரலே களைத்துவிட்டது என்று பொருள், அப்போது திட்டம் மாறும்.

கம்பி உள்ளே போகாவிட்டால்

நல்ல கைகளிலும் 100-க்கு ஐந்து, பத்துப் பேருக்குக் கம்பி ஏறாது. கட்டி குடலையே நெருக்கியிருந்தால் எண்டோஸ்கோப் முகட்டுவரை போகவே முடியாமலும் போகலாம். அப்போது என்ன செய்வார்கள் என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப முட்டுவதுதான் கணைய அழற்சிக்கு வழி.

ஒரு வழி, எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட். முன்சிறுகுடலின் சுவர் வழியாகவே, வீங்கியிருக்கும் பித்தநாளத்துக்குள் நேராக ஒரு புதுப்பாதை போட்டு ஸ்டென்ட் வைப்பது. 2001-ல் பிரான்சிலிருந்து முதலில் வெளியானது. இன்று இரண்டு பக்கமும் கிண்ணம்போல் விரிந்து சுவர்களைச் சேர்த்துப் பிடிக்கும், நுனியில் மின்சூடு உள்ள ஸ்டென்ட்கள் வந்துவிட்டன. நாளம் 12 முதல் 15 மில்லிமீட்டராவது விரிந்திருந்தால்தான் பாதுகாப்பு. 2023-ல் வெளியான இரண்டு ஒப்பீட்டு ஆய்வுகளில், முதல் முயற்சியாகவே இதைச் செய்தவர்களுக்கும் இ.ஆர்.சி.பி. செய்தவர்களுக்கும் ஸ்டென்ட் திறந்திருந்த காலம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கணையத்தின் பக்கம் போகாமலே செய்வது இதன் வசதி. பித்தம் வயிற்றுக்குள் கசிவதும் ஸ்டென்ட் நழுவுவதும் இதன் ஆபத்து. அடிக்கடி செய்யும் கைகளில்தான் இதை ஒப்படைக்க வேண்டும். குடல் அடைபட்டவர்களுக்கு இரைப்பையிலிருந்து இடது கல்லீரல் நாளத்துக்குப் பாதை போடும் முறையும் உண்டு.

இன்னொரு வழி உங்கள் மூன்றாவது மருத்துவர் சொன்னது: தோல் வழியாகக் கல்லீரலுக்குள் 8 அல்லது 10 பிரெஞ்சு குழாய். அது தாழ்ந்த சிகிச்சை என்று நினைக்க வேண்டாம். கிருமித்தொற்றில் ரத்த அழுத்தம் விழுந்து, மயக்க மருந்து தாங்காத நோயாளியை அது காப்பாற்றும். கல்லீரலின் வாசலிலேயே அடைப்பு இருப்பவர்களுக்குச் சில நேரம் அதுவே முதல் தேர்வு. ஆனால் உங்கள் அப்பாவின் அடைப்பு கீழே இருக்கிறது. எண்டோஸ்கோபி கைகூடும் இடத்தில் பையோடு நடமாடுவது, குழாய் நழுவுவது, வெளியே போகும் பித்தத்தோடு உப்புச்சத்தும் நீரும் போவது இவற்றை ஏன் ஏற்க வேண்டும்?

கல்லீரல் வாசலில் அடைப்பு உள்ள மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே சொன்ன எண்களை உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். அங்கே பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. படத்தை வரைபடமாக வைத்துக்கொண்டு, வேலை செய்யும் கல்லீரலில் பாதிக்கு மேல் வடியும்படி எந்த நாளங்களைத் திறப்பது என்று முன்பே முடிவு செய்ய வேண்டும். வடிக்க முடியாத பகுதிக்குள் சாயம் செலுத்தினால் அங்கே சீழ் பிடிக்கும்.

வீடு திரும்பிய பிறகு

மறுநாளே கண் வெளுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் மலத்தின் நிறம் திரும்பும், பிறகு சிறுநீர் தெளியும், சில நாளில் அரிப்பு குறையும். கண்ணின் மஞ்சள் கடைசியில்தான் போகும். பல வாரம் தேங்கிய பிலிருபினில் ஒரு பகுதி ரத்தத்தின் அல்புமினோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் மெதுவாகத்தான் கரையும். இரண்டு வாரத்தில் 18.4 பாதிக்குக் குறைந்தால் ஸ்டென்ட் வேலை செய்கிறது. ஏறக்குறைய இயல்புக்கு வர நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். பாதிக்குக் குறையவில்லை என்றால் திரும்பப் பார்க்க வேண்டும்.

அதுவரை அரிப்புக்கு நகத்தை ஒட்ட வெட்டி, வெதுவெதுப்பான நீரில் குளித்துத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். செட்ரிசின் மாத்திரை தூக்கம் தருமே தவிர இந்த அரிப்பை அடக்காது.

சாப்பிட்ட பின் மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதந்தால் கணைய நொதி குறைந்திருக்கிறது. பேன்கிரியாட்டின் மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுப்பார். சாப்பாட்டுக்கு முன்பு விழுங்கிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. முதல் கவளத்தோடு தொடங்கி, சாப்பாட்டின் நடுவில் மீதியைச் சாப்பிட வேண்டும்.

ஸ்டென்ட் அடைபடாமலிருக்க உர்சோ மாத்திரையோ தொடர்ந்து ஆன்டிபயாடிக்கோ கேட்டு வாங்காதீர்கள், அவற்றால் பயன் இல்லை என்று பார்த்தாகிவிட்டது. பார்க்க வேண்டியது அறிகுறிகளை: உடம்பு உதறிக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டுவது, தெளிந்த சிறுநீர் திரும்பக் கறுப்பது. இதில் காய்ச்சல் நள்ளிரவில் வந்தாலும் நள்ளிரவிலேயே மருத்துவமனை. பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை பார்ப்பதில்தான் உயிர்கள் போகின்றன. கீமோவால் வெள்ளணு குறைந்திருக்கும் நேரத்தில் இன்னும் வேகமாக. ரத்தத்தில் கிருமி வளர்ப்புப் பரிசோதனை, ஊசி வழி ஆன்டிபயாடிக், அடைப்பைத் திறக்கத் திரும்ப எண்டோஸ்கோபி என மூன்றும் வேண்டும். ஊசி மருந்து மட்டும் போட்டுக் காய்ச்சல் தணிந்ததும் அனுப்பிவிட்டால் சில நாளில் திரும்ப வரும். உலோக ஸ்டென்ட் அடைத்தால் அதற்குள்ளேயே இன்னொன்றை வைக்கலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஸ்டென்ட் வைக்கப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். உலோகமா பிளாஸ்டிக்கா, உறை உண்டா, விட்டம், நீளம், வைத்த தேதி, மாற்ற வேண்டிய தேதி எல்லாம் இருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது அந்தத் தாளைக் காட்ட வேண்டியிருக்கும். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. மூன்று மருத்துவமனைகளிலிருந்தும் சி.டி. படங்களைக் குறுந்தகட்டில் வாங்கி வையுங்கள். அறிக்கைத் தாளை வைத்து அறுவை நிபுணர் முடிவெடுக்க மாட்டார்.

அப்பாவுக்குத் தெரியாமல்

மனத்தளவில் அவர் உடைந்துவிடுவார் என்று அஞ்சுகிறீர்கள். ஆனால் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். புத்தித் தெளிவோடு இருக்கும் வயதுவந்த நோயாளிக்குப் பதிலாக உறவினர் கொடுக்கும் சம்மதம் செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் 2008-ல் ஒரு தீர்ப்பில் தெளிவாக்கியது. எதற்கு என்று தெரியாமல் போடும் கையெழுத்தும் சம்மதமாகாது. சட்டத்தை விடுங்கள், அவருக்கு அடுத்த சில மாதத்தில் கீமோ, அதன்பின் பெரிய அறுவை என்று இருக்கிறது. காமாலைக்கு என்று சொல்லி ஒருவரை இத்தனைக்கும் கூட்டிப்போக முடியாது. காய்ச்சல் வந்தால் இரவிலேயே எழுப்ப வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருப்பது அவர் உயிருக்கு நல்லது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். "கணையத்தில் ஒரு கட்டி இருக்கிறது, அது பித்தத்தை அடைக்கிறது, முதலில் அடைப்பைத் திறந்துவிட்டு என்ன கட்டி என்று பார்க்கப்போகிறார்கள்" என்பது முழு உண்மை, இன்றைக்கு அது போதும். மீதியை அவர் கேட்கும் அளவுக்கு மருத்துவரே சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

கடைசியாக, இன்றே செய்ய வேண்டிய ஒரு வேலை. இதய மருத்துவருக்குப் போன் செய்து குளோபிடோக்ரெலைப் பற்றிப் பேசுங்கள். திசு எடுக்கவும், ஸ்டென்ட் வைக்கும்போது பித்தநாளம் குடலில் திறக்கும் வாயின் தசையைக் கீறவும் அதைப் பொதுவாக 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்த வேண்டும், ஆஸ்பிரின் தொடரலாம். இதய ஸ்டென்ட் வைத்து நான்கு ஆண்டு ஆகிவிட்டதால் பெரும்பாலும் சம்மதிப்பார், ஆனால் முடிவு அவருடையது. நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த நாட்களுக்கு இடையில் காய்ச்சல் வந்துவிட்டால் ஏழு நாள் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. கீறாமலே ஸ்டென்டை மட்டும் வைத்துவிட்டுத் திசுவைப் பின்னால் எடுக்கலாம், மாத்திரை உடம்பில் இருக்கும்போதே.